நிறுத்தும் தைரியம்

அடுத்த வீட்டு நண்பருக்கு ஒரே பையன், எட்டு வயது. இரண்டரை வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அது முதல் அந்த வீட்டில் கடிகாரம்தான் எஜமான். இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் மணி அடிக்கும். பையன் மாத்திரையை விழுங்குவான். தகப்பனார் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். போன மாதம் ஒரு சாயங்காலம் வந்தவர், "இன்னும் பதினொரு மாத்திரைதான் பாக்கி, சார்" என்றார். நல்ல சமாசாரம் ஆயிற்றே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாத்திரை கொடுக்கிற வரைக்கும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று இருந்தது. நாளைக்கு வெறுங்கையோடு அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? 'போதும், நிறுத்திவிடலாம்' என்று முதல் முதலில் சொல்ல எந்த டாக்டருக்குத் தைரியம் வந்தது, சார்?"

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டார். புத்தகங்களைப் புரட்டினேன்.

1947-ம் ஆண்டு வரையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆரம்பித்தால்தானே நிறுத்துவதற்கு? வியாதி இன்னதென்று தெரிந்த சில வாரங்களில், மிஞ்சிப் போனால் சில மாதங்களில், குழந்தை போய்விடும். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளியின் நாடியைப் பிடிக்கிறவர் அல்ல. இறந்த பின் உடலைச் சோதித்துக் காரணம் எழுதுகிறவர். எத்தனை குழந்தைகளைத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஃபோலிக் அமிலம் என்ற சத்தைக் கொடுத்துப் பார்த்தார். வியாதி இன்னும் வேகமாக வளர்ந்தது. தவறிய அந்த முயற்சியிலேயே ஒரு வழி தெரிந்தது. சத்து நோயை வளர்க்குமானால், அந்தச் சத்தைத் தடுத்தால்?

தடுக்கும் மருந்தை அனுப்பியவர் நமக்குத் தூரத்து மனிதர் அல்ல. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ். சுதேசி நாட்களில் கதர் உடுத்திக்கொண்டு போய் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, பெரிய பட்டத்துக்குப் பதில் சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் 'ஸ்ப்ரூ' என்ற குடல் வியாதியில் சில நாட்கள் இடைவெளியில் மாண்டுபோனார்கள். அந்த வியாதிக்கு உதவும் ஃபோலிக் அமிலத்தைப் பிற்காலத்தில் அமெரிக்காவில் இவருடைய குழுவே செய்து காட்டியது. பிறகு அதற்கு எதிரியையும் அதே கூடத்தில் செய்தார்கள். அண்டை வீட்டுப் பையன் வாரம் ஒருமுறை விழுங்கிய மெதோட்ரெக்ஸேட்டும் அந்தக் கூடத்துப் பிள்ளைதான். இதை நண்பரிடம் சொன்னபோது, இரண்டரை வருஷமாகக் கையில் வைத்திருந்த மாத்திரைப் பட்டையை அவர் புதிதாகத் திருப்பிப் பார்த்தார்.

1948 ஜூனில் ஃபார்பர் தம் முடிவை வெளியிட்டார். பதினாறு குழந்தைகள், பத்துப் பேருக்கு நல்ல குணம் கண்டது. ஆனால் சில மாதங்களில் வியாதி திரும்பி வந்தது. இந்தப் பெற்றோர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முந்தின தலைமுறைக்கு ஒரே துக்கம். இவர்களோ, பறிகொடுத்ததைத் திரும்பப் பெற்று, கொஞ்ச நாள் கொஞ்சிவிட்டு, மறுபடியும் பறிகொடுத்தார்கள். மருந்தை நிறுத்துவதைப் பற்றி அங்கே யார் பேசுவார்கள்? சுப்பாராவும் அந்த ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரண்டு டாக்டர்கள், காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தைப் பார்த்து, நாலு மருந்துகளை ஒரேயடியாகக் கொடுக்கத் துணிந்தார்கள். அந்த நாலில் ஒன்று, வின்கிரிஸ்டின். அது எடுக்கப்படுவது நம் கொல்லையில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. அந்தச் செடிக்கே நம் ஜனங்கள் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தம் சுத்தமாயிற்று. ஆனால் அந்த மருந்துகள் மூளைக்குள் போதுமான அளவு புகவில்லை. வியாதி அங்கே போய் ஒளிந்துகொண்டது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட தாயாரிடம், குழந்தை 'தலை வலிக்கிறது' என்று வந்து நிற்கும்.

கடைசியில் அந்தத் தைரியம் வந்த இடம் மெம்ஃபிஸ். டானி தாமஸ் என்ற ஹாஸ்ய நடிகர் ஒரு நேர்த்திக்கடனுக்காக எழுப்பிய செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி 1962-ல் திறக்கப்பட்டது. அங்கே டொனால்ட் பின்கல் என்ற டாக்டர், நோய் தலைகாட்டுவதற்கு முன்பே மூளைக்குக் கதிர்வீச்சும், முதுகுத்தண்டு வழியாக மருந்தும் கொடுத்தார். 1967-ல் ஆரம்பித்த ஒரு திட்டத்தில் முப்பத்தைந்து குழந்தைகள். சுமார் மூன்று வருஷம் ஆனதும் மருந்து அவ்வளவையும் நிறுத்தினார்கள். வெறும் துணிச்சலால் அல்ல. மருந்தும் ஒரு விஷமே. நோய் அடங்கியிருக்கும்போதே சாதாரண நிமோனியாவிலும் அம்மையிலும் குழந்தைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? பின்கலுக்கும் தெரியாது, சரி என்று தலையசைத்த தாய் தகப்பன்மார்களுக்கும் தெரியாது. சரித்திரத்தில் டாக்டரின் பெயர் இருக்கிறது. கடைசி மாத்திரைக்கு மறுநாள் காலையில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்களின் பெயர் இல்லை. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு வியாதி திரும்பவே இல்லை. கதிர்வீச்சு பின்னால் சில தீங்குகளைக் காட்டியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்று அதை விட்டுவிட்டார்கள். பணக்கார நாடுகளில் இப்போது பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

நம் தேசத்தில் 'நிறுத்துவது' என்பதற்கு வேறோர் அர்த்தமும் உண்டு. பஸ் காசுக்கும் கூலிக்கும் வழியில்லாமல் பாதியிலேயே ஆஸ்பத்திரிக்கு வருவதை விட்டுவிடுகிறவர்கள். டாக்டர் 'போதும்' என்று சொல்லி நிறுத்துகிற இடம் வரைக்கும் வந்து சேர்வதே ஒரு பெரிய யாத்திரை. நண்பரிடம் இதையும் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பயம் போனதாகத் தெரியவில்லை. எப்படிப் போகும்? அவர் கேட்டது சரித்திரம், வேண்டியிருந்தது உத்தரவாதம்.

பதினொன்றாம் நாள் கழிந்து, அதற்கு மறுநாள் இரவு அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு உள்ளே கைபேசி அடித்தது. அவர் பாதி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. பையன்தான் வந்து அணைத்துவிட்டு, "அப்பா, நாளைக்கும் அடிக்குமா?" என்று கேட்டான்.

"அடிக்கட்டும்" என்றார்.