நொய்யலில் கலந்த உப்பு

வளரும் நாட்டில் பசுமைத் தொழில்நுட்பம் எதனால் வருகிறது? கையில் காசு சேர்ந்தால் தானாக வரும் என்பார் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் நெருக்கினால் வரும் என்பாரும் உண்டு. திருப்பூரின் வரலாறு இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. 1990களில் பனியன் ஏற்றுமதியால் அங்கே பணம் புரண்டது, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரக்கு போனது. நொய்யல் ஆறு செத்ததும் அதே காலத்தில்தான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்போ அலசும் தண்ணீரோடு வெளியே போய்விடும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்ல வேண்டிய விவசாயிகள் திறக்காதீர்கள் என்று போராடினார்கள்.

அன்று குறைவாக இருந்தது அறிவு அல்ல. உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை உலகம் அறிந்ததுதான். ஆனாலும் 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, உப்பை விட்டுவிட்டன. ஆற்றில் விடுவதற்குச் செலவில்லை என்றால் யார் பிரிப்பார்கள்? நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. காகிதத்தில் இருந்தவரை அதற்கும் பெரிய பலனில்லை. 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே வேலை சூடுபிடித்தது. ஆர்.ஓ.வில் மிஞ்சும் அடர் உப்புநீரை முழுக்கக் காய்ச்சி வற்றவைப்பதுதான் பெரிய தலைவலி. நீராவிக்கே பணம் கரைந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த உப்புநீரின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். சாயமேற்ற எப்படியும் உப்பு போடத்தானே வேண்டும்! தமிழக அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன், நிலையங்கள் மீண்டும் எழக் கைகொடுத்தது.

தண்ணீர்ப் பஞ்சம்தான் மறுசுழற்சிக்குத் தள்ளியது என்று வாதிடலாம். ஆனால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் நிலை 2011க்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அது தனியாக எதையும் மாற்றவில்லை. மாறிய பிறகு, மீட்ட தண்ணீருக்கும் உப்புக்கும் விலை இருந்ததால் செலவில் ஒரு பங்கு திரும்பியது, அவ்வளவே. சிறு பட்டறைகள் நசிந்தன, சாயவேலை வேறு மாவட்டங்களுக்கு நழுவியது என்ற குறையை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படி நழுவியவர்கள் புதிய தொழில்நுட்பத்தைக் கூடவே எடுத்துப்போகவில்லை. கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் பழையபடி வாய்க்காலில்தான் விட்டார்கள். ஆகவே இது கட்டாயத்துக்கு எதிரான சான்று அல்ல. கட்டாயம் ஓர் ஆற்றோடு நின்றுவிட்டதற்கான சான்று. மறுபடி பயன்படுத்த முடியாத கலவை உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு கெடு விதிக்க வேண்டும்.