யாழ்ப்பாணப் பொது நூலகம்: மீண்டெழுந்த ஒரு கட்டடம்

சங்ககிரி மலைக்கோட்டையில் 1805-ஆம் ஆண்டு தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டு அன்று அவரை நினைத்து வணங்கி வருகிறோம். கோட்டைக்கு அந்த நினைவே போதும். ஆனால் மக்கள் நாள்தோறும் புழங்கிய பொதுக் கட்டடம் ஒன்று சிதைக்கப்பட்டால் அதை என்ன செய்வது? சின்னமாக விட்டுவைப்பதா, மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவருவதா? இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள்.

1933-இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டு நூல்களை ஊராருக்குப் படிக்கக் கொடுத்தார். மறு ஆண்டே அம்முயற்சி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகமாயிற்று. தனிக் கட்டடம் வேண்டுமென்று லோங் அடிகளார் முதலியோர் முனைந்தனர். நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் கே. எஸ். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1959-இல் நூலகம் திறக்கப்பட்டது.

1981 மே இறுதியில் மூண்ட வன்செயலில், காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதற்குத் தீ வைத்தனர். ஓலைச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் துறந்தார்.

ஊரார் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே வீடு வீடாக நூல்கள் சேர்ந்தன. 1984-இல் கட்டடம் செப்பனிடப்பட்டது. ஆயினும் அருகிலிருந்த கோட்டையில் இராணுவம் நிலைகொண்டிருந்ததால், போர் நூலகத்தையும் விட்டுவைக்கவில்லை. அது மறுபடி பாழடைந்தது.

1998-இல் அரசு புனரமைப்பைத் தொடங்கியபோது எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. கருகிய சுவர்கள் நடந்த கொடுமைக்குச் சாட்சி. அவற்றுக்கு வெள்ளையடிப்பது குற்றத்தை மறைப்பதாகாதா என்று கேட்டனர். 2003-இல் விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் திறப்புவிழா தடைப்பட்டது. மாநகர முதல்வர் செல்லன் கந்தையனும் உறுப்பினர்களுமாக இருபத்துமூவரும் பதவி விலகுவதாக அறிவித்தனர். பின்னர் நூலகம் வாசகர்க்குத் திறந்தது.

அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1981-இல் பிறந்த குழந்தைக்கு 2003-இல் வயது இருபத்திரண்டு. தன் ஊர் நூலகத்தில் அமர்ந்து படிக்காமலே அது பள்ளிப் பருவத்தைக் கடந்திருக்கும். சாட்சியைக் காப்பதற்காக அடுத்த தலைமுறையையும் வாசலில் நிறுத்திவைப்பது எரித்தவர்களின் எண்ணத்தையே நிறைவேற்றுவதாகும். நினைவைச் சுவர்தான் சுமக்கவேண்டுமென்பதில்லை. உள்ளே அமர்ந்து படிப்பவர்களும் சுமப்பார்கள்.

நம் ஊர்ப்பக்கங்களிலும் பூட்டிக்கிடக்கும் படிப்பகங்கள் உண்டு. அவற்றை எவரும் எரிக்கவில்லை. நாமே போவதை நிறுத்திவிட்டோம். அவற்றைத் திறக்க விரும்பும் நண்பர்கள் பெருந்தொகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செல்லப்பா தொடங்கியது தம் வீட்டு நூல்களை வைத்துத்தான்.