மெட்ரோனோமின் பெயருக்கு உரியவர் யார்?

கிதார் பயிலத் தொடங்குவோர் மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தந்தியை மீட்டிக் காலப்பிரமாணம் பழகுவர். பழைய இசைத்தாள்கள் இவ்வேகத்தை 'எம்.எம். 60' என்று குறிக்கும். 'மெல்ட்செலின் மெட்ரோனோம்' என்பதன் சுருக்கம் அது. ஆனால் அதன் அடிப்படையைக் கண்டறிந்தவர் மெல்ட்செல் அல்லர்.

அச்சின் இருபுறமும் எடை பொருத்தினால் குட்டையான ஊசலும் மெதுவாக ஆடும் என்பதை 1814இல் ஆம்ஸ்டர்டாமில் செய்து காட்டியவர் வின்கெல். அதில் அளவுகோலைச் சேர்த்து, 1815இல் தம் பெயரில் காப்புரிமை பெற்றார் மெல்ட்செல். 1817இல் பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு இக்கருவியின் எண்களை வெளியிட்டதும் அப்பெயர் வேரூன்றியது. 1820இல் நெதர்லாந்து அறிவியல் கழகம் வின்கெலின் உரிமையை ஏற்றது. தீர்ப்பு அவருக்குக் கிட்டியது; இசைத்தாளில் நிலைத்ததோ மெல்ட்செலின் முதலெழுத்தே.