பம்பாய் ஆலைகளில் ஆள் எடுத்த கதை

எங்கள் தலைமுறை இந்தத் துறைக்கு வந்தபோது 'ஹெச்.ஆர்.' என்ற பெயர் புழக்கத்தில் இல்லை. 'பர்சனல் டிபார்ட்மெண்ட்' என்றுதான் சொல்வோம். என்ன உத்தியோகம் என்று கேட்ட பாட்டியிடம், "கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலை" என்றேன். "அப்ப நீ கங்காணியாடா?" என்றாள். சிரிப்பு வந்தது. ஆனால் வரலாற்றுப்படி பார்த்தால் அது சரியான கேள்விதான்.

கங்காணியை இம்மலரின் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோனவர். அதே ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். இலங்கையில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் கூடவே போகும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது.

இதே ஏற்பாடு வேறு பெயரில் பம்பாயில் நடந்தது. காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் நிறுவிய பஞ்சாலை 1856இல் தார்தேவில் ஓடத் தொடங்கியது. பிறகு ஆலைகள் பெருகின. ரத்னகிரி, சாத்தாரா பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களை வேலைக்கு எடுத்தவர் முதலாளியும் இல்லை, மானேஜரும் இல்லை. 'ஜாபர்' என்கிற மேஸ்திரி. 'முகாதம்' என்றும் சொல்வார்கள். பெண்கள் பிரிவில் 'நாயகின்'. காலையில் கேட்டருகே 'பத்லி' ஆட்கள், அதாவது மாற்றாட்கள், நின்றிருப்பார்கள். யாருக்கு இன்று வேலை என்பது ஜாபரின் கைவிரல் அசைவில் இருந்தது. அதற்கு 'தஸ்தூரி' என்ற மாமூல் உண்டு. வேலை கிடைக்க ஒரு தடவை, நிலைக்க இன்னொரு தடவை.

புத்தகங்களில் ஜாபரை வில்லனாகவே எழுதிவிட்டார்கள். வில்லன்தான், மறுக்கவில்லை. ஆனால் மூட்டையோடு கொங்கணத்திலிருந்து வந்திறங்கியவனுக்குப் படுக்க இடம் பார்த்துக் கொடுத்ததும், மளிகைக் கடையில் கடனுக்குச் சொல்லிவிட்டதும் பல சமயம் அவர்தான். யாருக்குக் காய்ச்சல், யார் ஊரில் அறுப்பு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் இருந்த அந்த அறிவு ஆபீசில் யாரிடமும் இல்லை. அதை வைத்துத்தான் அவர் பிழைத்தார், கொள்ளையும் அடித்தார்.

1929இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931இல் அறிக்கை தந்தது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்க வேண்டும், மானேஜருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட 'லேபர் ஆபீசர்' வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் யாரையும் நீக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த ஆபீசருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்றும் சொன்னார்கள். நேர்மை, மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறன், இவற்றோடு மொழித்திறனும். அன்றைக்கே மொழியைச் சேர்த்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்பு.

1935இல் ஆலை முதலாளிகள் சங்கம் பத்லி ஆட்களுக்கு ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. 1936இல் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கரைத் தலைவராகக் கொண்டு நாக்பாடாவில் சமூகப்பணிக் கல்லூரி ஒன்று தொடங்கியது. பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது அதுவே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அதிகாரி கட்டாயம் என்றது. இப்படித்தான் எங்கள் உத்தியோகம் பிறந்தது.

நான் 1974இல் தாணே பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். 1972-73 பஞ்சத்தின் சூடு ஆறாத காலம். மராத்வாடாவிலிருந்து வந்தவர்கள் கேட்டில் நிற்பார்கள். விண்ணப்பமெல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கும். வெளியே காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். அதைப் படித்து என்ன தெரியும்? என் மேலதிகாரி முதல் வாரமே சொன்னார்: "மராட்டி பேச வரலேன்னா இந்த நாற்காலி உனக்கு வேண்டாம்." ஆறு மாதத்தில் தட்டுத்தடுமாறிப் பேசினேன். ஊரில் என்ன செய்தாய் என்று கேட்கப் பழகினேன். ஒருவர் கிணற்று என்ஜினைத் தானே பிரித்து மாட்டியவர் என்பது அப்படித்தான் தெரிந்தது. படிவத்தில் 'விவசாயக் கூலி' என்று மட்டுமே இருந்தது. ஹெல்பராக எடுத்தோம். ஃபிட்டராக ஓய்வு பெற்றார்.

நம்மவர்களுக்குச் சங்கடமான ஒரு விஷயத்தையும் எழுதத்தான் வேண்டும். 1960களில் 'மார்மிக்' பத்திரிகை கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. அந்தப் பட்டியல்கள் நம் வீடுகளில் எத்தனை பயத்தைக் கிளப்பின என்பது மாட்டுங்காவில் வாழ்ந்த மூத்தவர்களுக்குத் தெரியும். வெறுப்பைத் தூண்டிய எழுத்து அது. ஆனாலும் ஒரு ஸ்டெனோ உள்ளே போனால் பின்னாலேயே மூன்று பேரை இழுத்துக்கொண்டார் என்பது எங்கும் நடக்காத காரியம் இல்லையே! தஸ்தூரி வாங்காத ஜாபர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"சார், நம்ம பையன், பார்த்துப் பண்ணுங்க" என்று சங்க விழாக்களில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்ன, தேர்வில் எதைக் கேட்பார்கள், எதைப் படிக்கவேண்டும், எல்லாம் சொல்வேன். கேட்ட யாருக்கும், மராட்டிக்காரப் பையனுக்கும், அதையே சொல்வேன். அதற்கு மேல் இல்லை. இதனால் இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தொழிற்சாலையில் 1990களில் கான்டிராக்ட் ஆட்கள் வந்தார்கள். அவர்களை நான் எடுக்கவில்லை, காண்டிராக்டர் எடுத்தார். சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது, தலைக்கணக்கு மட்டும். ஒருநாள் கேட்டருகே ஒரு பையனிடம் விசாரித்தேன். வேலை வாங்கித் தந்ததற்கு முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருந்தான். தங்கியிருந்த அறையும் காண்டிராக்டருடையதுதான்.