லேப்டாப் பேட்டரியில் கார் ஓடுமா?

லேப்டாப்பில் இருக்கும் பேட்டரியை வைத்து கார் ஓட்ட முடியுமா? கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இன்றைய மின்சார கார்களின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

1996ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 'இவி1' என்ற மின்சார காரை வெளியிட்டது. அதில் இருந்தது ஈய-அமில பேட்டரி. எடை 500 கிலோவுக்கு மேல். ஆனால் அதில் சேமிக்க முடிந்தது 20 யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் (வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்). பேட்டரியைச் சுமக்கவே பேட்டரி தேவைப்பட்ட நிலை!

இதற்கு முன்பே, 1991ல், சோனி நிறுவனம் லித்தியம்-அயான் செல்லை விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் அவை கேமராவுக்கும் லேப்டாப்புக்குமான சின்னச் செல்கள். காருக்கு ஏற்ற பெரிய செல் வேண்டுமே?

கலிபோர்னியாவின் ஏசி ப்ரொபல்ஷன் என்ற சிறிய நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. 2003ல் தன் 'டிசீரோ' காரில் ஈய பேட்டரியை எடுத்துவிட்டு, சுமார் 6,800 சின்ன செல்களைப் பொருத்தியது. கோடிக்கணக்கில் தயாராகிக் கொண்டிருந்ததால் அவை எளிதாகக் கிடைத்தன. அதே வழியைப் பின்பற்றிய டெஸ்லா, 2006 ஜூலையில் 'ரோட்ஸ்டர்' காரை அறிமுகம் செய்தது.

அடுத்த மாதமே ஓர் அதிர்ச்சி. தீப்பிடிக்கும் அபாயம் என்று டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. ஒரு லேப்டாப்பில் சில செல்கள்தான். காரில் 6,831! ஒன்று பற்றினால் மற்றவை?

டெஸ்லாவின் பதில் எளிமையானது: ஏதோ ஒரு செல் கெடத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டே வடிவமைப்பது. ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஃபியூஸ். 69 செல்கள் சேர்ந்து ஒரு தொகுதி, அப்படி 99 தொகுதிகள். இடையே வெப்பத்தை வெளியேற்றும் குளிர்திரவக் குழாய்கள். ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கக் கூடாது என்பதே குறிக்கோள்.

2008ல் வாடிக்கையாளர்களிடம் வந்த ரோட்ஸ்டரின் பேட்டரி எடை சுமார் 450 கிலோ, கொள்ளளவு 53 யூனிட். இவி1ஐ விடக் குறைந்த எடையில் இரண்டு மடங்குக்கும் அதிகமான மின்சாரம்.

மிச்சமிருந்த கேள்வி விலை. 2010ல் யூனிட்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்த லித்தியம் பேட்டரியின் சராசரி விலை, 2024ல் 115 டாலர் அளவுக்கு இறங்கியது.

பெரிய பேட்டரி சாத்தியமா என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான சின்ன செல்கள்தான் பதில் சொல்லின. சிறு துளி பெருவெள்ளம் என்பது சும்மாவா!