600 எச்.பி. முதல் ஹைட்ரஜன் வரை... தூத்துக்குடி கடலுக்கு எந்த போட் இன்ஜின் சரிப்படும்?

2024 பிப்ரவரி 28. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த பிரதமர் மோடி, அதே நிகழ்ச்சியில் ஒரு படகையும் தொடங்கி வைத்தார். உள்நாட்டிலேயே கட்டப்பட்ட, ஹைட்ரஜனில் ஓடும் பயணிகள் படகு. ஆனா அந்தப் படகு தூத்துக்குடியில் இல்லை. கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம், ஓட வேண்டிய இடம் வாரணாசி, கங்கை.

சரி, தூத்துக்குடி கடலில் ஓடும் படகுகளுக்கு என்ன வழி? சுற்றுலாவுக்காகவோ கடல் விளையாட்டுக்காகவோ இங்கே ஒரு படகு இறக்க நினைப்பவருக்கு இன்று என்னென்ன இன்ஜின்கள் இருக்கின்றன? எது இந்தக் கடலுக்குப் பொருந்தும்?

இன்ஜின் மாறுவது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்கு விட்டது நீராவிக் கப்பல். பாய் விரித்து முத்துக்கும் சங்குக்கும் போன வள்ளங்கள் பின்னாளில் டீசலுக்கு மாறின. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்து போய்விட்டது, வள்ளம் இன்னும் இருக்கிறது.

எச்.பி. ஏத்தினா வேகம் ஏறுமா?

எல்லாப் படகுக்கும் ஏறாது. நிறைய பேர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

வள்ளம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகை. ஓடும்போது அது கிளப்பும் அலையே அதற்குத் தடை. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்தப் படகின் இயல்பான உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 30 அடி வள்ளத்துக்கு சுமார் 7.3 நாட். அதாவது மணிக்கு 13, 14 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், எரிபொருள்தான் கரையும்.

அடிப்பாகம் தட்டையாகவோ, ஆழம் குறைந்த 'வி' வடிவிலோ இருக்கும் ஃபைபர் வேகப் படகு வேறு ரகம். குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன் மேலேயே வழுக்கிப் போகும். எச்.பி. கூடக் கூட வேகம் கூடுவது இதில்தான். அதனால கடைக்காரரிடம் 'எத்தனை எச்.பி. வேணும்' என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த வகைப் படகு என்று பார்க்க வேண்டும்.

600 எச்.பி. இன்ஜின் என்ன செய்யும்?

அமெரிக்காவின் மெர்குரி நிறுவனம் 2021-ல் வெராடோ வி12 என்ற அவுட்போர்டு மோட்டாரை அறிமுகம் செய்தது. 7.6 லிட்டர் கொள்ளளவு, 12 சிலிண்டர், 600 எச்.பி. இரண்டு கியர் உண்டு. திருப்பும்போது முழு மோட்டாரும் திரும்பாது, தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் திரும்பும். யமஹாவிடம் 450 எச்.பி. வி8 இருக்கிறது. சுசுகியின் 350 எச்.பி. மோட்டாரில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு ப்ரொப்பல்லர்கள்.

கேட்கவே நல்லாதான் இருக்கு. ஆனா பெட்ரோல் அவுட்போர்டு முழு வேகத்தில் ஒவ்வொரு 10 எச்.பி.க்கும் மணிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பது படகுக்காரர்களின் தோராயக் கணக்கு. 600 எச்.பி. என்றால் மணிக்கு 200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 20,000 ரூபாய்.

செலவை விடுங்கள், ஓட்ட இடம் வேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு, காசுவாரி, காரியாச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. 1986-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா இது. தீவுகளைச் சுற்றி ஆழம் குறைந்த பவளப்பாறையும் கடற்புல் படுகையும் இருக்கின்றன. அங்கே வேகமாகப் போகும் ப்ரொப்பல்லர் பாறையில் பட்டால் பாறைக்கும் சேதம், கியர் பாக்ஸுக்கும் சேதம். ஆமை குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

இதையும் சொல்லிவிடலாம். இந்தக் கடற்கரையில் அதிவேக அவுட்போர்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது பீடி இலை கடத்தல் செய்திதான். சுற்றுலாவுக்கு வேகப் படகு இறக்குபவர், ஆவணம் எல்லாம் சரியாக வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பழைய கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியேறும். ஆயிலும் சேர்ந்து கடலில் கலக்கும். எடை குறைவு, ரிப்பேர் சுலபம், விலையும் குறைவு என்பதால் இன்னும் ஓடுகிறது. சுற்றுலாப் படகுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி. சத்தம் குறைவு, புகை குறைவு, எரிபொருளும் மிச்சம்.

டீசலை ஏன் விடமாட்டேங்கிறாங்க?

காரணம் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடியில் தேங்கும், ஒரு பொறி போதும். டீசல் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது. கரையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் டீசல் இன்ஜின் தெரிந்த ஆள் கிடைப்பார். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் உதவப்போவது பிராண்டு பெயர் இல்லை, உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதுதான். ஒரு விஷயம்: மீனவர்களுக்கு அரசு தரும் வரி விலக்கு டீசல் மீன்பிடிப் படகுக்கு மட்டுமே. உல்லாசப் படகு பங்க் விலையில்தான் போட வேண்டும்.

டீசலிலேயே ஓடும் அவுட்போர்டும் வந்திருக்கிறது. ஸ்வீடனின் ஆக்ஸி, பிரிட்டனின் காக்ஸ் ஆகிய நிறுவனங்கள் 300 எச்.பி. மோட்டார்களைச் செய்திருக்கின்றன. எடையும் விலையும் அதிகம் என்பதால் வாங்குபவர்கள் பெரும்பாலும் ரோந்துப் படகு, வேலைப் படகு வைத்திருப்பவர்கள்.

எல்பிஜி பக்கமும் பார்வை இருக்கிறது. கேரளத்தில் மீன்பிடிப் படகுகளில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகச் சோதித்துப் பார்த்தார்கள். எரிபொருள் செலவு குறையும். ஆனா இந்த வாயுவும் காற்றை விடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில்தான் போய் உட்காரும். கசிவு காட்டும் கருவி இல்லாமல் தொடக் கூடாது.

பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும்?

40 லிட்டர் பெட்ரோல் டேங்க்கை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 30 கிலோ. இன்ஜின் அதிலிருந்து ப்ரொப்பல்லருக்குக் கொடுக்கும் சக்தி சுமார் 90 யூனிட். அதே வேலையைச் செய்ய லித்தியம் பேட்டரி வைத்தால், மின் மோட்டாரின் திறன் அதிகம் என்பதைக் கணக்கில் எடுத்தும், எடை 600 கிலோவைத் தாண்டும். வேகப் படகுக்கு மின்சாரம் இன்னும் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

மெதுவாகப் போகும் படகு என்றால் கதையே மாறுது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி தோராயமாக எட்டில் ஒரு பங்காகிவிடும். 4 கிலோவாட் மோட்டாரில் 5 நாட் வேகத்தில் போகும் ஒரு படகுக்கு 10 யூனிட் பேட்டரி இரண்டரை மணி நேரம் வரும். கண்ணாடித் தளப் படகுக்கு வேகமே தேவையில்லை. பவளப்பாறை பார்க்க வந்தவருக்கு டீசல் சத்தமும் தேவையில்லை.

கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற 75 இருக்கை சோலார் படகு ஓடத் தொடங்கியது. நாட்டின் முதல் சோலார் பயணிகள் படகு. பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மின் அவுட்போர்டு செய்யும் ஜெர்மனியின் டார்க்கீடோ நிறுவனத்தை 2024-ல் யமஹா வாங்கியது.

ஆனா வைக்கம் காயல் வேறு, தூத்துக்குடி கடல் வேறு. கச்சான் காற்று எழும் மாதங்களில் எதிர்க்காற்றில் திரும்பி வர இரட்டிப்புச் சக்தி கூடப் போகலாம். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று படகோட்டிகள் பெட்ரோலுக்கு வைத்திருக்கும் கணக்கை பேட்டரிக்கும் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் மின் இணைப்புகள் அரிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஹைட்ரஜன் எப்போ?

வாரணாசிக்குப் போன படகு 24 மீட்டர் நீளம், 50 பேர் போகலாம். அதன் எரிபொருள் கலத்தின் திறன் 50 கிலோவாட், அதாவது 67 எச்.பி. அளவுதான். நிதானமாகப் போகும் படகு அது. ஹைட்ரஜனை அதிக அழுத்தத்தில் சிலிண்டரில் அடைக்க வேண்டும், நிரப்ப நிலையம் வேண்டும். ஃபைபர் போட் வைத்திருப்பவரின் கைக்கு இப்போதைக்கு எட்டாது.

தூத்துக்குடி துறைமுகம் இந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் அங்கே மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் சோதனை ஆலை திறக்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். இப்போதைக்கு அது ஓட்டுவது படகை இல்லை, துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கையும் மின் வாகன சார்ஜிங்கையும். கூடவே கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது.

சவாரி போறீங்களா?

எந்த இன்ஜினாக இருந்தாலும் ஏறும் முன் ஓட்டுநரின் கையையோ இடுப்பையோ பாருங்கள். அவுட்போர்டு படகில் சுருள் சுருளான சிவப்புக் கயிறு ஒன்று இருக்கும். அவர் தவறி விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே ப்ரொப்பல்லரோடு வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதை மாட்டியே ஓட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டம். அந்தக் கயிறு ஸ்டீயரிங்கில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால், மாட்டச் சொல்லிவிட்டு லைஃப் ஜாக்கெட்டைக் கேளுங்கள்.