கடைக்கு வெப்சைட் போடப் போறீங்களா? டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் ரோட்டில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். சுண்ணாம்பாறு படகு குழாமுக்கும் பாரடைஸ் பீச்சுக்கும் வரும் கூட்டம் ரூமையும் சாப்பாட்டையும் இப்போது ரோட்டில் இறங்கி விசாரிப்பதில்லை. போனில் தேடுகிறது. அதனால் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் நடத்துபவர், டைல்ஸ் கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் என்று எல்லோருக்கும் ஒரே யோசனை: "நாமளும் ஒரு வெப்சைட் போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால் டிசைனரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "டொமைனை யார் பேர்ல வாங்குவீங்க?" இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

டொமைன் யார் பேரில் இருக்க வேண்டும்?

டொமைன் என்றால் உங்கள் இணைய முகவரி. கடைப் பெயருக்குப் பின்னால் டாட் காம் அல்லது டாட் இன் என்று வருமே, அதுதான். இதை யாரும் மொத்தமாக விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்வது மட்டும்தான். டாட் இன் முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், டாட் காம் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

பிரச்சினை பணத்தில் இல்லை. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், எல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லும் டிசைனர்கள் பலர், தங்கள் சொந்தக் கணக்கில், தங்கள் ஈமெயில் முகவரியில், தங்கள் போன் நம்பரைக் கொடுத்து டொமைனைப் பதிவு செய்துவிடுகிறார்கள். எல்லோரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பல வாடிக்கையாளர்களின் முகவரிகளை ஒரே கணக்கில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் அந்த முகவரிக்கு உரிமையாளர். பில் கட்டியது நீங்களாக இருந்தாலும் சரி.

ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடமாக அந்த முகவரியை விசிட்டிங் கார்டில், பில் புக்கில், ஃப்ளெக்ஸில், ஆட்டோவின் முதுகில் எல்லாம் அச்சடித்தாகிவிட்டது. டிசைனர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் எல்லாம் அவருடைய பழைய இன்பாக்ஸுக்குப் போகிறது. டாட் காம் முகவரி காலாவதியானால், பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை விட்டுவைக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு, அதில் அபராதம் போலக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பிறகு 5 நாள். அதோடு அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் ஆள்நடமாட்டம் இருந்த முகவரிகளை எடுத்து ஆன்லைன் சூதாட்ட விளம்பரம் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. உங்கள் கார்டைப் பார்த்து முகவரியைத் தட்டும் கஸ்டமர் முதலில் பார்ப்பது அதுவாக இருந்தால்?

சட்டப்படி மீட்க முடியாதா? டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு. அதில் தகராறுகளை விசாரிக்கத் தனி நடுவர் முறை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, எதிராளிக்கு நியாயமான உரிமை இல்லை, அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்று மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும். முருகன் பெயரிலும் லட்சுமி பெயரிலும் ஊருக்குப் பத்துக் கடை இருக்கும்போது, டிரேட்மார்க் இல்லாமல் "இது என் பெயர்" என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. செலவும் உங்களுடையது.

இதைத் தவிர்க்கும் வழி பத்து நிமிட வேலை. உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் பெயரில் நீங்களே கணக்கைத் தொடங்கி டொமைனை வாங்குங்க. தெரியாவிட்டால் டிசைனரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்க. ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும், அதுதான் அடையாளம். வேலை செய்யத் தேவையான அனுமதியை மட்டும் டிசைனருக்குக் கொடுத்தால் போதும்.

தமிழிலேயே முகவரி வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே போட்டு முழு முகவரியும் தமிழில் வாங்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே வெப்சைட் வேண்டுமா?

டீக்கடை, டிபன் கடை, சலூன் என்றால் அவசரப்பட வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் முழுக்க இலவசம். மேப்பில் கடை தெரியும், போட்டோ, நேரம், போன் நம்பர் எல்லாம் வரும். அதோடு வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் வைத்தால் பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு அதுவே போதும். "கூகுள்ல இருந்து பேசறோம், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்க" என்று போன் வந்தால் கட் பண்ணிடுங்க. கூகுள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. இங்கேயும் அதே விதிதான்: புரொஃபைலின் முதன்மை உரிமையாளராக உங்கள் ஜிமெயில் இருக்க வேண்டும், டிசைனர் மேனேஜராக மட்டும் இருக்கட்டும்.

ஆனால் இலவச இடத்தை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் நடந்தது உதாரணம். பிசினஸ் புரொஃபைல் வைத்திருந்தவர்களுக்குக் கூகுளே ஒரு பக்கம் கொண்ட இலவச வெப்சைட் கொடுத்து வந்தது. பிசினஸ் டாட் சைட் என்று முடியும் முகவரி. அந்த ஆண்டு மார்ச்சில் அதை மூடிவிட்டது. பழைய முகவரியைத் தட்டினால் புரொஃபைலுக்குத் திருப்பிவிடும் வசதியும் ஜூன் 10-ஆம் தேதியோடு நின்றது. போர்டில் அந்த முகவரியை எழுதிவைத்தவர்கள் போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு அதே முகவரியில் தொடரலாம்.

ரூம் புக்கிங், மண்டபம், ஏற்றுமதி, வெளியூர் ஆர்டர், ஸ்கூல் போன்றவற்றுக்கு வெப்சைட் நிச்சயம் பயன்படும்.

டிசைனரை எப்படி சோதிப்பது?

அவர் லேப்டாப்பில் காட்டும் மாதிரிகளைப் பார்த்து மயங்காதீங்க. இரண்டு வருடத்துக்கு முன் அவர் செய்து கொடுத்த மூன்று தளங்களின் முகவரியைக் கேளுங்க. வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், உங்கள் போனிலேயே திறந்து பாருங்க. திறக்கிறதா? எவ்வளவு நேரம் எடுக்கிறது? போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா? மேப் சரியான கடையைக் காட்டுகிறதா? கூகுள் ஒரு தளத்தின் மொபைல் வடிவத்தை வைத்துத்தான் அதைப் பட்டியலிடுகிறது. அந்த மாற்றம் முடிந்துவிட்டதாக 2023 அக்டோபரிலேயே அறிவித்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஜொலித்து போனில் முக்கும் தளத்தால் லாபம் இல்லை.

அப்புறம் அந்த மூன்று கடைக்காரர்களில் ஒருவருக்காவது போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வேலை முடிஞ்ச பிறகும் அவரு போன் எடுக்கறாரா?"

அடுத்து தமிழ். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. பிரஸ்ஸிலும் ஃப்ளெக்ஸ் கடையிலும் பழகிய சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவார்கள், அல்லது படமாகப் போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். கூகுளுக்கு அது தமிழே இல்லை. சோதிப்பது சுலபம்: தளத்தில் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்க. தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தாலோ, காப்பியே எடுக்க முடியாவிட்டாலோ திருப்பிக் கொடுங்க. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010-ல். இன்னும் பாமினியில் வெப்சைட் செய்து தருவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஊர்ப் பெயரிலும் விஷயம் இருக்கிறது. 2006-ல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆகிவிட்டாலும், சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து வருபவர்கள் தேடுவது பாண்டிச்சேரி, பாண்டி என்றுதான். நம்ம ஆட்கள் புதுவை என்றும் தேடுவார்கள். இத்தனையும் தளத்தின் வரிகளில் இயல்பாக வர வேண்டும். இந்தப் பக்கத்து டிசைனர் என்றால் சொல்லாமலே செய்வார், கடைக்கே வந்து போட்டோவும் எடுப்பார். தொலைவில் இருப்பவர் என்றால் நீங்கள் சொல்லித்தர வேண்டும். "கூகுள்ல முதல் இடத்துக்கு கேரண்டி" என்று சொன்னால் மட்டும் எழுந்து வந்துடுங்க. அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

தளத்தில் பூட்டு அடையாளம் வருவதற்கான பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் ஏன் என்று கேளுங்க. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அதை இலவசமாகவே தருகின்றன. ஒரு சின்னக் கடைக்கு அது போதும்.

செய்து முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

இணையம் இந்தக் கிராமங்களுக்குப் புதிது இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவக் கிராமங்களில் அலை உயரம் பற்றிய தகவலை இறக்கி ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, தவளக்குப்பம் பக்கத்து நல்லவாட்டில் இந்த மையத்தின் ஒலிபெருக்கிதான் மக்களை எச்சரித்துக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்ன தகவல் அது. அந்த மையங்களை நடத்தியது உள்ளூர் ஆட்கள், சொன்னது அன்றைய தகவல். அதனால்தான் ஊர் அதைக் காது கொடுத்துக் கேட்டது.

கடை வெப்சைட்டும் அப்படித்தான். போன தீபாவளி ஆஃபர் இந்த ஆடி வரை தொங்கினால் கஸ்டமர் கடையை மூடிட்டாங்க என்று நினைப்பார். விலை, நேரம், போட்டோ இவற்றை நீங்களே, அல்லது கடையில் இருக்கும் பையனோ பெண்ணோ, போனில் இருந்தே மாற்ற முடிய வேண்டும். அதை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பதும் வேலையின் பகுதி என்று முதலிலேயே பேசிடுங்க. வேர்ட்பிரஸ்ஸில் செய்தால் இது சுலபம், பிறகு வேறு டிசைனர் கிடைப்பதும் சுலபம். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களைத் திருட்டுப் பதிப்பாகப் போட்டுத் தருபவர்கள் உண்டு. அதில் வைரஸ் ஒளிந்து வரும். தீமுக்கு பில் கேளுங்க.

எழுதி வாங்க வேண்டியது என்ன?

இங்கேதான் சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. "நான் காசு கொடுத்தேன், அதனால் டிசைன் எனக்குச் சொந்தம்" என்று நினைப்போம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் செய்தால்தான் பொதுவாக உரிமை உங்களுக்கு. வெளியாளாக கான்ட்ராக்டில் செய்து கொடுப்பவர் எழுதிய நிரலும் வரிகளும் அவருக்கே சொந்தம், அவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ விதிவிலக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது உங்களுடையது. எழுதி வாங்கும்போதும் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் "முழுக் காப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற வார்த்தைகள் தாளில் இருக்கட்டும். இதற்கு வாட்ஸ்அப் மெசேஜ் போதாது.

அதே தாளில் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை இலவசத் திருத்தம், இரண்டாம் வருடம் மொத்தம் எவ்வளவு என்பதையும் எழுதிடுங்க. பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. கடைசித் தவணை, எல்லா பாஸ்வேர்டும் தளத்தின் முழு பேக்கப்பும் கைக்கு வந்த பிறகு.

பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டால் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்க. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலாளர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. டிசைனர் கடலூர்க்காரர் என்றால் அது வேறு மாநிலம், பில்லில் ஐஜிஎஸ்டி என்று வரும். புதுச்சேரிக்காரர் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார். மொத்தம் ஒன்றுதான்.

ஏற்கெனவே வெப்சைட் இருக்கா?

அப்படியென்றால் இன்றைக்கே ஹூ-இஸ் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்க. பெயர் விவரங்கள் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், தேதி தெரியும். டொமைன் டிசைனர் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே சுமுகமாகப் பேசி உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்க. வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதாக இருந்தால் அதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அதை அவர்தான் எடுத்துத் தர முடியும். டொமைன் வாங்கி 60 நாள் ஆகாவிட்டால் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையே செய்யாமல் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் "இது வியாபாரத்துக்கு வாங்கிய சேவை" என்று எதிர்த்தரப்பு வாதாட வாய்ப்பு இருக்கிறது. அப்போது கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்தான் சிவில் வழியில் கை கொடுக்கும். போலி நிறுவனம் பெயரில் ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.